பூசாத பலகை

கோபிசங்கர் அந்த இரண்டு தரைப்பலகைத் துண்டுகளையும் ஜோர்ஜின் முன்னால்தான் வைத்தான். ஜோர்ஜின் மனைவி மாக்கிறேற்றுக்கு ஒரு பிளாஸ்டிக் கதிரை கிடைத்தது. மேசைமேல் நின்ற காற்றாடியையும் அவள் பக்கம் திருப்பிவிட்டான். மரியாதை அத்தோடு முடிந்தது. வீடு அவளுடையது, நாளைக்கு அந்தத் தரையைக் கூட்டப் போகிறவளும் அவள், ஆனால் கடைக்காரனுக்குப் பலகை என்பது ஆம்பிளைகள் பேசுகிற விசயம்.

"இது பூசின பலகை அண்ணை. பக்டரியிலயே வார்னிஷ் அடிச்சுக் காய வச்சுப் பெட்டியில வரும். காலமை பொருத்தினா பின்னேரம் கட்டிலைப் போட்டுப் படுக்கலாம். ஆனா ஒவ்வொரு பலகைக்கும் நடுவில ஒரு கோடு தெரியும், தண்ணி ஊத்தினா அதுக்குள்ளதான் இறங்கும்." மற்றத் துண்டைத் தட்டினான். "இது பூசாதது. வீட்டில பொருத்தின பிறகு மெசினால உரஞ்சி வார்னிஷ் அடிப்பம். கோடே தெரியாது, தரை கண்ணாடி மாதிரி இருக்கும். என்ன, ஒரு கிழமை வீட்டை விட்டு வெளியில நிக்க வேணும்."

"அது பிரச்சினை இல்லை. அக்கா வீட்டில நிப்பம்," என்றான் ஜோர்ஜ். அவன் முகத்தில், வலையில் பாரம் தெரிகிறபோது வருகிற மலர்ச்சி.

"கதவு யன்னல் எல்லாம் இறுக்கிப் பூட்டுங்கோ. சோளகக் காத்துக்கு மண் வந்து ஈரத்தில ஒட்டிப் போடும். நம்பிக்கையான ஒரு ஆளை மட்டும் உள்ளுக்குள்ள விடுங்கோ, பூனை கீனை மிதிக்காமப் பாக்க." கோபிசங்கர் அப்போதுதான் முதன்முதலாக அவள் பக்கம் திரும்பிச் சிரித்தான். "அக்கா நிண்டா நல்லம். பொம்பிளையள்தான் கவனமாப் பாப்பினம்."

மாக்கிறேற் எழுந்தாள். கதிரை பின்னால் சரிந்து விழுந்தது. அதை நிமிர்த்தாமலே வெளியே போய் மோட்டார் சைக்கிளுக்குப் பக்கத்தில் நின்றுகொண்டாள்.

பண்ணைப் பாலத்தில் காற்று முகத்தில் அறைந்தது. மாதிரிக்கென்று கடைக்காரன் கொடுத்துவிட்ட இரண்டு துண்டுகளும் பையோடு அவள் மடியில் இருந்தன. ஒவ்வொரு பள்ளத்திலும் அவற்றின் மூலை வயிற்றில் குத்தியது. ஜோர்ஜ் முன்னால் இருந்து ஏதோ கேட்டான். அவள் காதில் விழாதது போல் இருந்தாள். ஆர் இந்த மனிசனிட்டைப் பலகை கேட்டது? அவள் ஆறு வருசம் குவைத்தில் வீட்டு வேலைக்கு நின்று அனுப்பிய காசில் எழும்பிய வீடு. மற்ற அறைகளுக்கெல்லாம் சீமெந்து இழைத்தாயிற்று. முன்னறைக்கும் அதையே போட்டுவிட்டுக் குடிபுகுந்தால் ஒரு குறையும் இல்லை. முன்னறைக்குப் பலகைதான் என்று அல்லைப்பிட்டி ஊர் முழுக்க அறிவித்துவிட்டுத்தான் அவளிடம் சொன்னான். போன ஞாயிறு பூசை முடிந்து வரும்போது அவன் தமக்கை ஞானசவுந்தரி, நாலு பேருக்கு முன்னால் கையைப் பிடித்துக்கொண்டு, "மாளிகையில நடந்த காலெல்லே மச்சாள், எங்கட சீமெந்து உனக்குக் குத்தும்தானே," என்றாள். எல்லாரும் சிரித்தார்கள். மாக்கிறேற்றும் சிரித்தாள். அந்தச் சிரிப்பை நினைக்க இப்போது தன் மேலேயே ஆத்திரம் வந்தது.

வீட்டுக்கு வந்ததும் பையைக் கவிழ்த்து இரண்டு துண்டுகளையும் முன்னறையின் கரடுமுரடான நிலத்தில் கொட்டினாள்.

"நான் எப்பவாவது உங்களிட்டைப் பலகை கேட்டனானோ?"

ஜோர்ஜ் திகைத்துப் போனான். பிறகு, அவளைச் சமாதானப்படுத்த ஒரு நல்ல வழி இருக்கிறது என்று நினைத்தவன் போலச் சட்டைப் பையிலிருந்து போனை எடுத்தான். தேடிக் கண்டுபிடிக்க அவனுக்கு நேரம் எடுக்கவில்லை. அடிக்கடி பார்க்கிற படம் என்று தெரிந்தது.

"இந்தாரும். நீர்தானே அனுப்பினனீர். போன் மூண்டு மாத்தியிட்டன், இதை மட்டும் விடேல்லை. இதைப் பாத்த அண்டைக்கு நினைச்சனான், நீர் திரும்பி வந்தா இப்பிடி ஒரு தரையிலதான் உம்மை நடக்க வைக்க வேணுமெண்டு."

படத்தில் யாருமில்லை. நீண்ட நடையறை, தேன் நிறப் பலகைத் தரை, அதில் யன்னல் வெளிச்சம் ஓடை போல நீண்டு கிடந்தது. வடிவான படம்தான். அன்றைக்கு ஊரில் இருந்த மகளின் பிறந்த நாள். அனுப்புவதற்கு வடிவாக வேறொன்றும் அவளிடம் இருக்கவில்லை. அங்கிருந்து யார்தான் அழுத முகத்தைப் படம் பிடித்து ஊருக்கு அனுப்பினார்கள்?

"இந்தத் தரைக்கு வார்னிஷ் அடிச்ச கிழமை வீட்டுக்காரியும் பிள்ளையளும் கோட்டலுக்குப் போட்டினம்," என்றாள். குரல் நடுங்கவில்லை. நடுங்காதது அவளுக்கே புதுமையாக இருந்தது. "நம்பிக்கையான ஆள் எண்டு என்னை உள்ளுக்குள்ள விட்டவை. யன்னல் திறக்கக் கூடாது, பாலைவன மண் வந்து ஒட்டிப் போடுமாம். வெளிக்கதவைப் பூட்டித் திறப்பை அவையே கொண்டுபோட்டினம். குசினிக்குப் பின்னால என்ர அறை. அறையோ அது, அலுமாரி. அந்த மணத்துக்குக் கண்ணெல்லாம் எரிஞ்சு, சத்தி எடுத்து எடுத்துத் தொண்டை வறண்டு போச்சு. தண்ணி எடுக்க அந்த நடையறையைத் தாண்டித்தான் போகவேணும். நுனிக்காலில போனனான். ஒரேயொரு இடத்தில கால் பதிஞ்சிட்டுது."

ஜோர்ஜ் படத்தை விரலால் பெரிதாக்கி அந்தத் தரையைப் பார்த்தான்.

"வீட்டுக்காரி வந்து பாத்தாள். வீட்டில நான் ஒருத்திதான் இருந்தனான், வேற ஆற்ற காலாயிருக்கும்? எண்டாலும் என்ர காலைத் தூக்கி அந்த அடையாளத்துக்கு மேல வைக்கச் சொன்னாள். செருப்புக்கடையில அளவு பாக்கிற மாதிரி. சரியாப் பொருந்தினது. பிள்ளையளைக் கூப்பிட்டுக் காட்டிச் சிரிச்சாள். பிறகு மெசின்காரனைக் கூப்பிடேல்லை, உரஞ்சிற மண்கடதாசியைத் தூக்கி என்ர கையில தந்தாள். நடையறை முழுக்க முழங்காலில இருந்து உரஞ்சினனான். விரல்தோல் உரிஞ்சு போச்சு. அந்த மாசம் விசா புதுப்பிக்கப் போனா மெசின் என்ர விரல் அடையாளத்தை எடுக்கேல்லை. அதுக்கும் எனக்குத்தான் ஏச்சு. இந்தப் படம், அதெல்லாம் முடிஞ்ச அண்டு எடுத்தது."

வெளியே ஞானசவுந்தரியின் கோழி ஒன்று மணலைக் கிளறிக்கொண்டிருந்தது.

"ஏன் எனக்குச் சொல்லேல்லை?"

"சொல்லியிருந்தா? படகுக்கு எஞ்சின் வாங்கின நேரம். வா எண்டு சொல்லியிருப்பீங்களோ?"

அவளுக்கு அவன்மேல் இரக்கம் வந்தது. ஆனால் இந்த முறை அந்த இரக்கத்துக்கு இடம் கொடுப்பதில்லை என்று வீம்பாக நின்றாள். ஆறு வருசமும் அவனுக்கு நோகாமல் பேசிப் பேசித்தான் இன்றைக்கு ஒரு கடைக்காரன் அவளை மறுபடி அந்த அறைக்குள் விட்டுப் பூட்டப் பார்க்கிறான். இந்த மனிசனும் அதற்குத் தலையாட்டப் பார்க்கிறான்.

ஜோர்ஜ் போனைப் பையில் போட்டான். மெல்லக் குனிந்து பலகைத் துண்டுகளைப் பொறுக்கினான். "விடும். நாளைக்கே சீமெந்துக்குச் சொல்லுறன். பலகை வேண்டாம்."

அதைக் கேட்டதும் அவளுக்கு முன்னிலும் பெரிய கோபம் மூண்டது.

"ஏன் வேண்டாம்? அந்த வீட்டுக்காரி நடக்கலாம், நான் நடக்கப்படாதோ? உரஞ்சினது என்ர கை. எனக்குப் பலகைதான் வேணும்."

"அப்ப... பூசினதை எடுப்பம். மணமும் இல்லை, ஒருத்தரும் வெளியில போகவும் தேவையில்லை."

"அதை ஆர் பூசினது?"

"பக்டரியில. மெசின் பூசும்."

"மெசினுக்குப் பக்கத்தில ஆர் நிண்டது?"

மாக்கிறேற் அவன் கையிலிருந்து பூசாத துண்டை வாங்கினாள். விரலால் தடவிப் பார்த்தாள். சொரசொரவென்று இருந்தது. மூக்குக்குக் கிட்டக் கொண்டுபோனாள். வெறும் மர மணம்.

"இதை எடுப்பம். வீட்டுக்குள்ள வச்சு ஒரு சொட்டும் பூசப்படாது. வளவில, காத்துக்குள்ள வச்சு நாங்களே பூசிப்போட்டுப் பொருத்துவம். நீங்களும் நிண்டு பூசவேணும்."

"சோளகம் மாக்கிறேற். மண் ஒட்டும்."

"எங்கட மண்தானே. ஒட்டட்டும்."

அடுத்த நாள் கடையில் அவள் கதிரையில் இருக்கவில்லை. கோபிசங்கர் சொல்லிப் பார்த்தான்: "அக்கா, வெளியில வச்சுப் பூசினா நான் பொறுப்பில்லை. கண்ணாடி மாதிரி வராது. கோடும் தெரியும்."

"எனக்குக் கண்ணாடி வீட்டில கிடக்குது தம்பி, முகம் பாக்க. நீர் பலகையை ஏத்தும்."

ஜோர்ஜ் அந்தப் பக்கம் திரும்பிச் சிரிப்பை மறைத்ததை அவள் கண்டாள். காணாதது போல இருந்துவிட்டாள்.

சனிக்கிழமை படகு இழுக்கிற உருளைக் கட்டைகளை வளவில் வரிசையாக அடுக்கி, அதற்கு மேல் பலகைகளைக் கிடத்தினார்கள். வலை காயப்போடுகிற இடம் முழுக்கப் பலகை. ஞானசவுந்தரி வேலிக்கு மேலால் எட்டிப் பார்த்து, "என்னடா தம்பி, மாளிகையைக் கொண்டுவந்து வெய்யிலில காயப்போட்டிருக்கிறாய்?" என்று கேட்டாள். "ஓமக்கா, கருவாட்டுக்குப் பக்கத்தில," என்றான் ஜோர்ஜ், தூரிகையை நிமிர்த்தாமலே. மாக்கிறேற் எதிர்ப்பக்கம் இருந்து பூசிக்கொண்டு வந்தாள். மணம் எழும்பியது. ஒரு கணம் அவள் மூச்சை அடக்கினாள். காற்று அதை அள்ளிக்கொண்டு கடல் பக்கம் போனது. மூச்சை விட்டாள், மறுபடி இழுத்தாள். ஜோர்ஜ் அதைக் கவனித்தான். தூரிகையைக் கழுவப் போகிற சாட்டில் எழும்பிக் கொஞ்சம் கிட்ட வந்து இருந்தான்.

முதல் பலகையைப் பூசி முடித்துத் தேத்தண்ணி குடிக்க எழும்பியபோதுதான் கோழி அதில் ஏறியது. ஏறி, நாலெட்டு வைத்து, நின்று, காலைத் தூக்கிப் பார்த்தது. ஈரத்தில் மூவிரல் அடையாளங்கள் பளபளத்தன.

"சனியன்!" ஜோர்ஜ் கத்தினான். ஒரு கையால் மண்கடதாசியைப் பறித்துக்கொண்டு பாய்ந்தான். "இப்பதானே பூசினது, ஆர் உன்னை..."

மாக்கிறேற் கோப்பையைப் பிடித்தபடி அசையாமல் நின்றாள்.

ஜோர்ஜ் பலகையின் விளிம்பில் நின்றுவிட்டான். அவளைத் திரும்பிப் பார்த்தான். கையில் இருந்த மண்கடதாசியைக் குனிந்து பார்த்தான். அதை என்ன செய்வதென்று தெரியாதவன் போல அவன் கை பாதி தூக்கியபடி அந்தரத்தில் நின்றது. சோளகம் ஒரு பிடி மணலை அள்ளி இருவர் மேலும் தூவியது. கோழி அவசரமில்லாமல் அடுத்த பலகையில் கால் வைத்தது.