எதிர்க்கரைச் சுவர்

ஆற்றின் இந்தப் பக்கம் எங்கள் மாநிலம், அந்தப் பக்கம் பக்கத்து மாநிலம். மத்திய அரசு எந்த மாநிலத்துக்குத் தலைக்கு எவ்வளவு செலவு செய்திருக்கிறது என்று ஒப்பிட்டுப் பார்த்து, கூடுதலாக வாங்கிய மாநிலத்தின் புதுக் கோரிக்கைகளைத் தள்ளிவைப்பது என்று அந்த வருடம் முடிவெடுத்தார்கள். இரண்டு மாநிலங்களுக்குமான அட்டவணையைத் தயாரித்தவர் என் மாப்பிள்ளை. மத்திய நிதித்துறையின் கிளை அலுவலகத்தில் அந்த வயதில் அந்தப் பதவிக்கு வந்தவர் வேறு யாருமில்லை. இதை நான் தெருவில் நாலு பேருக்குச் சொல்லியிருக்கிறேன். சொல்லக்கூடாததா என்ன?

அட்டவணைப்படி எங்கள் மாநிலம் கூடுதலாக வாங்கியிருந்தது. அதனால் எங்கள் கரையில் கட்ட வேண்டிய வெள்ளச் சுவர் தள்ளிப்போனது.

செய்தி வந்த அன்றே தம்பி வீட்டுக்கு வந்தான். கீழத்தெருவில் ஆற்றையொட்டி லேத் பட்டறை வைத்திருந்தவன். பட்டறைக்குப் பின்னாலேயே வீடு. கையில் எண்ணெய்ப் பிசுக்கு போகாமலே உட்கார்ந்தான்.

"அண்ணே, ஒரு சந்தேகம். உங்க மாப்பிள்ளை கணக்குல நம்ம கரையில சுவர் இருக்கு. அப்ப தினம் நான் அதுல முட்டிக்காம எப்படி ஆத்துக்குப் போறேன்?"

"கிண்டல் பண்ணவா வந்தே?"

"வேற என்ன பண்றது? மழை வரப்போகுது, சுவர் வரப்போறதில்ல."

விஷயம் இதுதான். சுவர் திட்டத்தின் அலுவலகம் எங்கள் ஊர்க் கடைத்தெருவில் இருந்தது. பணம் முழுவதும் அங்கேதான் வந்து இறங்கியது. ஆனால் எதிர்க்கரையில் மின்நிலையம் இருந்ததால் முதலில் அந்தப் பக்கம் கட்டினார்கள். உங்களுக்கு அடுத்தது என்றார்கள். சுவர் அங்கே எழுந்துவிட்டது, செலவு மட்டும் எங்கள் தலையில் ஏறிவிட்டது.

"வாயைக் கட்டுடா. அவர் நம்ம வீட்டு மாப்பிள்ளை" என்றேன்.

"அதனாலதான் உங்ககிட்ட வந்தேன். வெளியாளா இருந்தா இந்நேரம் ரோட்டுல நின்னு கத்தியிருப்பேன்."

பெண் கொடுத்த வீட்டில் போய்க் கேள்வி கேட்பது எங்கள் குடும்பத்தில் இல்லை. என் அப்பா கேட்டதில்லை, நானும் கேட்டதில்லை. ஆனால் எங்கள் வீட்டுக்கு மாப்பிள்ளையாக வந்தவர் கையால் எழுதியது என் தம்பியின் வாசலில் பொய்யாக நிற்கிறது என்றால், அதைக் கேளாமல் இருப்பதும் கௌரவம் ஆகாது. மறுநாள் கிளம்பினேன்.

அவர்கள் குடியிருப்பில் லிப்ட் வேலை செய்யவில்லை. மூன்று மாடி ஏறி வந்த எனக்கு மாப்பிள்ளையே மின்விசிறியைத் திருப்பி வைத்தார். அவருக்குச் சுவரின் கதை தெரிந்திருக்காது என்று நினைத்துக்கொண்டு நான் மெதுவாக ஆரம்பித்தேன்.

"தெரியும் மாமா" என்றார். "பணம் எந்த அலுவலகத்துல பட்டுவாடா ஆகுதோ, அந்த மாநிலத்துலதான் எழுதணும். ரெண்டு பக்கத்துக்கும் அதே விதிதான்."

"சுவர் எங்க நிக்குதுன்னு விதி பாக்காதா?"

"பாக்காது."

"ஒரு அடிக்குறிப்பு போடலாமே மாப்பிள்ளை. நான் கோர்ட்டுல தலைமை எழுத்தரா இருந்தவன். ஒரு வரிதானே?"

"போட்டேன். மேலதிகாரி எடுத்துட்டார். ஒரு சுவருக்குப் போட்டா ஒவ்வொரு பாலத்துக்கும் போடணும், அப்புறம் ஒப்பீடே நிக்காதுன்னார்." பிறகு அவரே, "அதுவும் நியாயம்தான்" என்றார்.

சமையலறை வாசலில் மகள் வந்து நின்றாள். "அப்பா, இவருக்குப் பதவி உயர்வு வர்ற நேரம். இப்பவா உங்களுக்குச் சுவர் ஞாபகம் வரணும்?"

"சித்தப்பா வீடு அங்க இருக்கும்மா."

"மேலத்தெருவுல ஒரு வீடு பாத்து வரச்சொல்லுங்க."

"பட்டறையை இடுப்புல தூக்கி வச்சுக்கிட்டா?"

அவள் உள்ளே போய்விட்டாள். மாப்பிள்ளை வாசல் வரை வந்தார். "அட்டவணை மேல ஆட்சேபம் கேக்க ஒரு குழு உங்க ஊருக்கு வருது மாமா. நானும் மேலதிகாரியும் கூட வர்றோம். அங்க யாராவது இதைக் கேட்டா நான் மறைக்க மாட்டேன். உங்களுக்காகச் சொல்றேன்" என்றார். அது எனக்குப் போதுமாக இருந்தது.

ஆற்றங்கரை மண்டபத்தில் குழு கூடிய அன்று தம்பி புதுச்சட்டை போட்டிருந்தான். "நீ பேசினா கிண்டல்லதான் முடியும், நான் பேசுறேன்" என்று அவனைப் பின்வரிசையில் உட்காரவைத்தேன். கீழத்தெரு முழுவதும் அங்கேதான் இருந்தது. ஒலிவாங்கி இரைந்தது. நான் அதைத் தள்ளிவிட்டு, நீதிமன்றத்தில் பேசுவதைப்போல வெறும் குரலிலேயே சொன்னேன்: சுவர் எதிர்க்கரையில் நிற்கிறது, செலவு எங்கள் கணக்கில் நிற்கிறது, ஐயா ஜன்னல் வழியாகப் பார்த்தாலே தெரியும்.

குழுத் தலைவர் ஜன்னல் பக்கம் திரும்பவில்லை. மாப்பிள்ளையிடம் திரும்பினார். "அந்தச் செலவு சரியாகத்தான் எழுதப்பட்டிருக்கிறதா?"

மாப்பிள்ளை எழுந்தார். என்னைப் பார்த்தார். பிறகு பக்கத்தில் மேலதிகாரி உருட்டிக்கொண்டிருந்த பேனாவைப் பார்த்தார்.

"விதிப்படி சரியாக இருக்கிறது."

"வேறு ஏதாவது?"

"இல்லை."

வெளியே படியிறங்கும்போது தம்பி என் கையைப் பிடித்துக்கொண்டான். "அண்ணே, ஒரு பொய்கூடப் பேசலை பாத்தீங்களா? தங்கமான மாப்பிள்ளை." சும்மா இருடா என்றேன். ஆனால் கையை உதறவில்லை.

அந்த மழையில் ஆறு எதிர்க்கரைச் சுவரில் மோதி, அங்கே இடமில்லாமல் மொத்தமாக எங்கள் பக்கம் திரும்பியது. தம்பி தன் மனைவியையும் இரண்டு பெண்களையும் என் வீட்டில் கொண்டுவந்து விட்டான். தலையைக்கூடத் துவட்டவில்லை. லேத்தின் மோட்டாரை மட்டும் கழற்றிக்கொண்டு வந்துவிடுகிறேன், அது போனால் சோறு போச்சு என்று திரும்பிப் போனான். தண்ணீர் வடிந்தபின் பட்டறைக்குள்ளேயே கிடந்தான். மோட்டாரின் நாலு போல்ட்டில் மூன்றைக் கழற்றியிருந்தான்.

அடக்கம் முடிந்து எல்லோரும் என் வீட்டுக் கூடத்தில் உட்கார்ந்திருந்தோம். கீழத்தெருவில் மிச்சமிருந்தவர்கள் வந்திருந்தார்கள். மாப்பிள்ளையும் மகளும் வந்தார்கள். அவருக்கு யாரும் இடம் விடவில்லை. நான்தான் என் பக்கத்தில் உட்காரவைத்தேன்.

தம்பி மனைவி தலைநிமிராமல் சொன்னாள்: "மாமா, நான் பிள்ளைங்களைக் கூட்டிக்கிட்டு அக்கரையில எங்கண்ணன் வீட்டுக்குப் போறேன். அங்க சுவர் இருக்கு."

அவளைப்போலவே தெருவில் பலர் மூட்டை கட்டிக்கொண்டிருந்தார்கள். மாப்பிள்ளை என் காதருகே தாழ்ந்த குரலில் பேசினார். "இவ்வளவு பேர் போனா, அடுத்த ஒப்பீட்டுல நம்ம பக்கம் இன்னும் கூடுதலாத் தெரியும் மாமா."

"எப்படி?"

"பணம் அதே பணம்தானே. வகுக்கிற தலை குறையுதில்ல."

கெட்ட மனதோடு சொல்லவில்லை. கண் கலங்கித்தான் இருந்தது. அந்தத் தலைகளில் என் தம்பியின் தலையும் ஒன்று என்று அப்போதுதான் அவருக்கே உறைத்திருக்க வேண்டும். சட்டென்று வாயை மூடிக்கொண்டார்.

"எழுந்திருங்க மாப்பிள்ளை" என்றேன்.

எழுந்தார்.

"சுவர் எந்தக் கரையில இருக்கு? எல்லாருக்கும் கேக்கிற மாதிரி சொல்லுங்க."

"அப்பா, சபையில மானத்தை வாங்காதீங்க" என்றாள் மகள்.

"மானத்துக்காகத்தாம்மா கேக்கிறேன்."

அவர் கூடத்தில் இருந்தவர்கள் பக்கம் திரும்பினார். "எதிர்க்கரையில" என்றார்.

தம்பி மனைவி அப்போதும் நிமிரவில்லை. கீழத்தெருக்காரர் ஒருவர் துண்டால் முகத்தைப் பொத்திக்கொண்டார். இந்த ஒரு வார்த்தை அன்றைக்கே, குழு உட்கார்ந்திருந்த அந்த மண்டபத்தில் விழுந்திருக்க வேண்டியது.

"இப்ப கிளம்புங்க" என்றேன்.

மகள் செருப்பை மாட்டிக்கொண்டு அவருக்கு முன்னால் இறங்கினாள். இனி இந்த வாசலை மிதிக்கமாட்டாள் என்று அவள் நடையிலேயே தெரிந்தது. அவளைக் கூப்பிடவில்லை. உள்ளே போய், தம்பி மனைவியின் பெட்டிக்குப் பூட்டு சேராமல் இருந்ததால் கயிறு போட்டுக் கட்டிக் கொடுத்தேன்.