சந்தனப் பொட்டும் ஸ்பாஞ்சு வளையமும்

ஆயுத பூஜை முடிந்த மூன்றாம் நாள், காளிதாஸ் பாட்டுக் கேட்க உட்கார்ந்தபோது இரண்டு ஸ்பீக்கர்களும் தகர டப்பா போல் அதிர்ந்தன. முன்பக்கத் துணியைக் கழற்றி, காகிதக் கூம்பைச் சுற்றியிருந்த கறுப்பு ஸ்பாஞ்சு வளையத்தை விரலால் தொட்டான். ஊறிய கேக் மாதிரி அது கையோடு வந்துவிட்டது. உதிர்ந்த துண்டில் காய்ந்த சந்தனம் ஒட்டியிருந்தது.

"யார் இதுல சந்தனம் வச்சது?"

"வருசா வருசம் நான்தான் வைக்கிறேன். லோரிக்கு, டிவிக்கு, தையல் மிஷினுக்கு எல்லாத்துக்கும்தான்." திலகவதி அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்தாள். "பெட்டியில வச்சா பாலிஷ் போய்டும், உள்ள எங்கயாச்சும் வையின்னு நீங்கதானே சொன்னீங்க?"

அவன் காதில் அது விழவில்லை. கல்யாணத்துக்கு முன்பு, லோரி ஓட்டத் தொடங்கிய புதிதில், மலாக்கா கடையொன்றில் தேடி வாங்கிய ஸ்பீக்கர்கள் அவை. பதினாறு வருடங்களாக வேறு எவரையும் பெட்டியைத் தூக்கக்கூட விட்டதில்லை. கறுப்பாகிப் போன விரல்களைப் பார்த்தபடியே கத்தினான்.

"ஒன் கை பட்டது எதுதான் உருப்பட்டிருக்கு?"

திலகவதி கரண்டியைக் கீழே வைத்தாள்.

நான்காம் மாதத்தில் கலைந்தது ஒன்று, ஆறாம் மாதத்தில் ஒன்று. இரண்டு முறை ஆஸ்பத்திரிக்குப் போய் வெறுங்கையோடு வந்தவள் அவள். 'தம்பி பொண்டாட்டி கைராசி அப்படி' என்று அவன் அக்கா வீடு வீடாகச் சொல்லிக்கொண்டு திரிந்தபோது, நடு வீட்டில் நின்று அக்காவின் வாயை அடைத்தவன் இதே காளிதாஸ்தான். அந்த ஒரு சண்டையை நம்பித்தான் இந்த ஆறு வருடங்களாக அவள் தலை நிமிர்ந்து நடந்தாள்.

"என்னா சொன்னீங்க?"

"ஸ்பீக்கரைச் சொன்னேன்லா."

"இல்ல. நீங்க ஸ்பீக்கரைச் சொல்லல."

அதற்குப் பிறகு வீட்டில் பேச்சே இல்லை. சோறு இருந்தது, குழம்பு இருந்தது, இஸ்திரி போட்ட சட்டை இருந்தது. அவன் இரண்டு முறை 'திலகா' என்று ஆரம்பித்தான். அவள் குழாயைத் திறந்து விட்டாள்.

சனிக்கிழமை அவளுக்குப் பேக்டரியில் வேலை இல்லாத நாள். அவன் பாமாயில் ஏற்றிக்கொண்டு புலாவ் செபாங் பக்கம் போயிருந்தான். அவள் திருகாணிகளைக் கழற்றி, பெட்டிக்குள்ளிருந்து ஒரு ஸ்பீக்கரை உருவி எடுத்து, துண்டில் சுற்றி, மடியில் வைத்துக்கொண்டு தங்கள் ஊரான ரெம்பியாவிலிருந்து பஸ் ஏறினாள். மலாக்காவில் விஜயரட்ணம் என்றொருவர் பழைய ஸ்பீக்கர்களுக்கு வளையம் மாற்றித் தருகிறார் என்று பேக்டரியில் யாரோ சொன்னது நினைவிலிருந்தது. டெலிகாமில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற யாழ்ப்பாணத்துக்காரர். வீட்டு முன்னறையே அவருடைய பட்டறை.

துண்டை அவிழ்த்த வேகத்திலேயே கேட்டாள். "ஐயா, சந்தனம் வச்சதால இது கெட்டுச்சா இல்லியா? எனக்கு அது மட்டும் தெரிஞ்சா போதும்."

அவர் கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு வளையத்தைக் கிள்ளினார். "இதை ஆர் சொன்னது?"

"வீட்டுக்காரர்."

விஜயரட்ணம் எழுந்து மூலையிலிருந்த அட்டைப்பெட்டிகளை ஒவ்வொன்றாகத் திறந்தார். எல்லாவற்றிலும் அதே கறுப்பு உதிரி. "இது ஒரு சீனக்காரன்ர வீட்டிலையிருந்து வந்தது. இது ஹாஜியார் ஒருத்தற்ற. இது ஒரு பாதிரியாற்ற. இவையெல்லாம் ஆயுத பூஜை செய்யிறவையோ? இந்த ஸ்பாஞ்சு இந்த ஊர்ப் புழுக்கத்திலை பத்துப் பதினைஞ்சு வருசம் நிண்டாலே பெரிய காரியம், பிள்ளை. தொட்டாலும் உதிரும், தொடாட்டிலும் உதிரும்."

திலகவதி சற்று நேரம் பாதிரியாரின் ஸ்பீக்கரையே பார்த்தாள். சிரிப்பு வரவேண்டிய இடம்தான். ஆனால் கோபம்தான் வந்தது. அதற்கு முன்பு இருந்ததைவிடக் கூடுதலாக வந்தது.

"வைச்சிட்டுப் போங்கோ. ஒரு மாசத்திலை செய்து தாறன்."

"வேணாம் ஐயா. வளையமும் பசையும் மட்டும் குடுங்க. ஒட்ட வேண்டியவங்க ஒட்டட்டும்."

"அப்ப மூண்டு வளையமா எடுங்கோ. முதல்தரம் ஒட்டிறவை ஒண்டைப் பாழாக்காமல் விடமாட்டினம்." பிறகு எப்படி ஒட்டுவதென்று சொல்லிக் கொடுத்தார். அவள் கவனமாகக் கேட்டுக்கொண்டாள்.

ஞாயிற்றுக்கிழமை காலை பசியாறியதும், மூன்று வளையங்களையும் பசையையும் காளிதாஸின் முன்னால் போட்டாள்.

"இந்தாங்க. பாதிரியார் வீட்டு ஸ்பீக்கர்லயும் இப்படித்தான் உதிர்ந்து கெடக்கு. அவருக்கு எவ பொட்டு வச்சான்னு போய்க் கேட்டுட்டு வாங்க. இல்ல, உங்க கைராசியில ஒட்டுங்க, பாப்போம்."

அவன் ஹாலில் பாயை விரித்து உட்கார்ந்தான். பழைய ஸ்பாஞ்சைச் சுரண்டித் துடைத்தான். வளையத்தின் உள்விளிம்பைக் கூம்பில் ஒட்டிக் காயவிட்டு, மதியத்துக்கு மேல் வெளிவிளிம்பை இரும்புச் சட்டத்தில் அழுத்தினான். சாயங்காலம் கூம்பை மெல்ல அமுக்கிப் பார்த்தபோது உள்ளே கர்... கர்... என்று உரசியது. நடுவிலிருக்கும் கம்பிச்சுருள் ஒரு மயிரிழை சாய்ந்துவிட்டது. பிய்த்தான். வளையம் கிழிந்தது.

"ஒண்ணு போச்சா?" சோபாவில் மல்லிகை கட்டிக்கொண்டிருந்த திலகவதி தலையைத் தூக்காமல் கேட்டாள்.

"நடுவுல நிக்க மாட்டேங்குது."

"அது நிக்காது. சுருளைச் சுத்தி பிலிம் துண்டு சொருகணும். ஒட்டிக் காஞ்சதும் உருவிடணும்."

"தெரிஞ்சுகிட்டே சும்மா உக்காந்திருந்தியா? முன்னாடியே சொல்றதுக்கு என்னா?"

"நீங்க கேட்டீங்களா? என் கைதான் வெளங்காதே. வாய் மட்டும் வெளங்குமா?"

காளிதாஸ் அடுத்த வளையத்தை எடுத்தான். ஸ்டீயரிங் பிடித்துத் தடித்த விரல்களுக்கு மெல்லிய வளையம் பிடிபடவில்லை. அவளோ பேக்டரியில் பத்து வருடங்களாகக் கண்ணுக்குத் தெரியாத கம்பிகளைச் சிப்பில் பற்றவைப்பவள். அந்த லைனிலேயே அவள் கையில்தான் குறைவாகப் பழுதாகும். அது அவனுக்கும் தெரியும்.

"கொஞ்சம் கை குடு, திலகா."

"எந்தக் கை?"

அவன் நிமிர்ந்து பார்த்தான்.

"எதுவுமே உருப்படாத கையா? அதையா கேக்குறீங்க?"

"கோவத்துல வந்துருச்சு. தப்புதான்."

"எது தப்பு? ஸ்பீக்கரைச் சொன்னதா?" பூவும் நாரும் மடியிலிருந்து சரிய எழுந்தாள். "உங்கக்கா சொன்னப்ப எனக்கு வலிக்கல. நீங்க பக்கத்துல நின்னீங்க. இப்ப யார்ங்க நிக்கிறா?"

அவன் வளையத்தைக் கீழே வைத்தான். பசை டப்பாவின் மூடியைத் திருகினான்.

"ஸ்பீக்கரைச் சொல்லல," என்றான் கடைசியில். "வாய் தப்பி வந்துருச்சுன்னு சொன்னா அதுவும் பொய். எங்கயோ மனசுல கெடந்திருக்கு. அக்கா போட்டது. நான் தூக்கி எறிஞ்சிட்டேன்னு நெனச்சேன்." டப்பாவைக் கீழே வைத்தான். "ரெண்டு புள்ளையும் ஒன் கையால போகல, திலகா."

"அது எனக்குத் தெரியும். உங்களுக்குத் தெரியுமான்னுதான் தெரியாம இருந்துச்சு."

அவள் அறைக்குள் போய் ஒரு பழுப்பு உறையோடு வந்தாள். கல்யாண போட்டோக்களின் நெகட்டிவ். ஒவ்வொரு துண்டாக ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்து, ஒன்றைத் தேர்ந்து கத்தரிக்கோலோடு நீட்டினாள்.

"இது யாரு?"

"உங்கக்கா. வெட்டுங்க."

அவன் சிரிக்கலாமா வேண்டாமா என்று அவள் முகத்தைப் பார்த்துவிட்டு, நான்கு துண்டாக வெட்டினான். அவள் பாயில் சம்மணமிட்டு உட்கார்ந்து, கூம்பின் நடு மூடியைப் பிளேடால் கீறி எடுத்து, நான்கு துண்டுகளையும் இடைவெளியில் சொருகினாள். வளையத்தைப் பொருத்திப் பசையைத் தடவினாள். எதிரெதிராக நான்கு கைகள் விளிம்பை அழுத்தின.

"இன்னும் எனக்குக் கோவம் போகல."

"தெரியுது."

"அடுத்த வருசமும் பொட்டு வைப்பேன். இதே வளையத்துலதான்."

"வையி."

வாசலில் ஐஸ்கிரீம்காரனின் மணிச்சத்தம் கேட்டு அவன் தலை அந்தப் பக்கம் திரும்பியது. விரல் ஒன்று விளிம்பிலிருந்து லேசாக எழும்பியது.

"காயிற வரைக்கும் கையை எடுக்காதீங்க," என்றாள் திலகவதி.