எண்ணூர் என்றே இருக்கட்டும்

மார்ச் மாத ஆட்சிக் குழுக் கூட்டத்தில் கல்லூரி முதல்வர் மேத்யூ சுற்றி வளைக்காமல் விஷயத்துக்கு வந்தார். புதிய தனியார் பல்கலைக்கழகத்தின் ஏசி பஸ் டோல்கேட் வரைக்கும் வந்து பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு போகிறது. இங்கே வேதியியலிலும் வணிகவியலிலும் பாதி இடம் காலி. எனவே ‘எண்ணூர் அறநெறிக் கல்லூரி’ என்ற பெயரை ‘சென்னை இன்டர்நேஷனல் கல்லூரி’ என்று மாற்றிவிடலாம் என்பது நிர்வாகத்தின் யோசனை.

“எண்ணூர்னாலே ஜனங்களுக்குப் புகையும் சாம்பலும்தான் ஞாபகத்துக்கு வருது. நிலைமை அப்படி,” என்றார்.

மாணவர் பிரதிநிதியாக அங்கே உட்கார்ந்திருந்தாள் அனம். அவளுக்கு முகம் சுட்டது. அவள் வேதியியல் மூன்றாமாண்டு. அத்தா துறைமுகத்தில் கன்டெய்னர் லாரி ஓட்டுகிறார். அவள் குடும்பத்தில் கல்லூரிக்குள் நுழைந்த முதல் ஆள் அவள்தான்.

“சார், எந்த ஜனங்களைச் சொல்றீங்க? இங்க இருக்கற ஜனங்க இந்தக் காலேஜை உள்ள வந்து பாத்ததே இல்ல. இந்த ஒரு அட்மிஷன் பழைய பேர்லயே நடக்கட்டும். ஒரு ஞாயித்துக்கெழம கேட்டைத் திறந்து விடுங்க. ஆளுங்களை நாங்க கூட்டினு வர்றோம்.”

வெளியாட்களை உள்ளே விடக்கூடாது என்பது கல்லூரியின் பழைய விதி. மேத்யூ அதைத் தளர்த்தினார். “ஒரு நாள் மட்டும். பொறுப்பு உன்னுது,” என்றார்.

வெளியே காத்திருந்த வினிதா கேட்டதும் தலையில் கை வைத்துக்கொண்டாள். அவள் காத்திவாக்கத்துப் பெண், அனத்தின் வகுப்புத் தோழி. “பரீட்சை வந்துகினு கீது, இப்போ போயி இத்த தலமேல போட்டுகினியா?” என்று திட்டினாள். ஆனால் ஆட்டோவில் மைக் கட்டிக்கொண்டு தெருத் தெருவாகப் போனதும் அவள்தான்.

“யக்கா, யம்மா, ஞாயித்துக்கெழம காலேஜு தொறந்து கீது. உங்க வூட்டுப் புள்ளைங்க இன்னா படிக்குதுன்னு வந்து பாத்துட்டு போங்க.”

அது முதல்வர் காதுக்கும் போனது. வினிதாவைக் கூப்பிட்டு, “கொஞ்சம் நல்ல தமிழ்ல பேசக்கூடாதா?” என்றார்.

“இதுவும் நல்ல தமிழ்தான் சார். கேக்கறவங்களுக்குப் புரியுது,” என்றாள் வினிதா.

ஞாயிற்றுக்கிழமை காலையில் வெகுநேரம் யாருமே வரவில்லை. அனம் கேட்டுக்கும் படிக்கட்டுக்குமாக நடந்துகொண்டிருந்தாள். ஊரில் காலை மீன் வியாபாரம் முடிந்த பிறகு ஷேர் ஆட்டோக்கள் வந்தன. வினிதாவின் அம்மா நீலா பக்கத்து வீட்டுப் பெண்களோடு இறங்கினாள். மீஞ்சூரிலிருந்து ரயிலில் ஒரு கூட்டம் வந்தது. மதியத்துக்குள் தாழ்வாரத்தில் நடக்க இடமில்லை.

வேதியியல் ஆய்வகத்தில், முகத்துவாரத்துத் தண்ணீரை மாணவர்கள் வாராவாரம் எடுத்துவந்து சோதிப்பதை வினிதா விளக்கினாள். எந்தப் பக்கம் தண்ணீரில் என்ன கலந்திருக்கிறது, அது இறாலை என்ன செய்யும் என்றெல்லாம் வீட்டில் பேசுவது போலவே பேசினாள். யாரோ குறுக்குக் கேள்வி கேட்டார்கள். தடுமாறாமல் பதில் சொன்னாள்.

கும்பலின் பின்னால் நின்ற நீலா மெதுவாக முன்னே வந்தாள். “இதெல்லாம் நீயாடி செய்யற?”

“நாங்கதாம்மா. நான், அனம், எல்லாரும்.”

நீலா பக்கத்தில் நின்ற, முன்பின் தெரியாத ஒரு பெண்ணிடம் திரும்பி, “எம்பொண்ணு,” என்றாள்.

வாசலில் நின்று மேத்யூ இதைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

ஜூன் முடிவதற்குள் வேதியியல் நிரம்பிவிட்டது. வணிகவியலில் சில இடங்கள் மட்டும் மிஞ்சின. அடுத்த கூட்டத்தில் நிர்வாகி ஒருவர் பெயர் மாற்றப் பேச்சை மறுபடி எடுத்தார்.

“வேண்டாம். இங்க சேர்ந்தவங்க இந்தப் பேரைப் பாத்துதான் சேர்ந்திருக்காங்க. நமக்கு வேண்டியது ஒரு பஸ்ஸு. அதை வாங்குவோம்,” என்றார் மேத்யூ. வருஷத்துக்கு இரண்டு ஞாயிறு கேட்டைத் திறந்துவிடுவது என்றும் அன்றே முடிவானது.

அனத்தின் படிப்பு முடிந்துவிட்டது. அதுவே அவளுக்குக் கடைசிக் கூட்டம். தன்னைவிட நாற்பது வயது மூத்தவர்கள் சுற்றி உட்கார்ந்திருந்த அந்த மேசையில், துப்பட்டாவைச் சரிசெய்துகொண்டு, நிமிர்ந்து உட்கார்ந்தாள்.