இடம் மாறிய வெள்ளைக்குடை

மாண்டலேயில் வெள்ளைக்காரர் மண்டபத்துச் சுவரில் இங்கிலாந்து மகாராணியின் படத்தை மாட்டிய மறுநாள் காலை, ராணியின் தலைக்கு மேல் தீட்டியிருந்த வெள்ளைக்குடை இரண்டு சாண் இடப்பக்கம் நகர்ந்து, ஒருவரும் இல்லாத இடத்துக்கு நிழல் கொடுத்துக்கொண்டு நின்றது. அந்த வாரம் நல்லெண்ணெய் விலை ஏறிப்போயிருந்ததால் ஊரெல்லாம் அதே பேச்சு. குடை நகர்ந்த செய்தி மூன்றாம் நாள்தான் கடைத்தெருவுக்கு வந்து சேர்ந்தது. வந்த பிறகு எண்ணெயை யார் பேசினார்கள்!

படத்தை வரைந்தவர் ஊ மியாட். இருபத்தாறு வருடம் அரண்மனை ஓவியராக இருந்தவர். வெள்ளைக்குடை அரசருக்கு மட்டுமே உரியது என்பது எங்கள் ஊரில் பால்குடிப் பிள்ளைக்கும் தெரியும். மந்திரிக்குத் தங்கக்குடை உண்டு, வெள்ளை கிடையாது. எந்த வெயிலிலும் வெள்ளையைப் பிடித்தவன் தலை தப்பியதில்லை. ஒன்றரை வருடத்துக்கு முன் வெள்ளைக்காரச் சிப்பாய்கள் எங்கள் மன்னரை ஒரு மாட்டுவண்டியில் ஏற்றி, ஐராவதிக் கரைக்கு ஓட்டிப்போய்க் கப்பலில் அனுப்பிவிட்டார்கள். அன்றிலிருந்து வெள்ளைக்குடைக்குக் கீழே ஆள் இல்லை. இதையெல்லாம் அரைகுறை பர்மியப் பேச்சோடு தெரிந்துகொண்டவர் ஊரை ஆள வந்த அதிகாரி கார்சைட் துரை. ராணி பட்டத்துக்கு வந்த ஐம்பதாம் ஆண்டு விழா வருகிறது, பெரிய துரை ரங்கூனிலிருந்து வருகிறார், வெள்ளைக்குடைக்குக் கீழே ராணியை உட்கார்த்திவிட்டால் இந்த ஜனங்கள் தாமாகவே விழுந்து வணங்குவார்கள் என்று அவர் கணக்குப் போட்டார். கெட்டிக்காரர்தான், அதைச் சொல்லாமல் இருக்க முடியாது.

ஊ மியாட் முடியாது என்றுதான் சொல்லியிருப்பார். ஆனால் அவருடைய தம்பி கோ தெட் சிறையில் இருந்தான். சகாயிங் காட்டில் வெள்ளைக்காரருக்கு எதிராக ஈட்டி தூக்கியவன். அவர்கள் பாஷையில் அவன் கொள்ளைக்காரன், கொள்ளைக்காரனுக்குத் தூக்கு. படம் சரியாக அமைந்தால் தம்பி வெளியே வருவான், இல்லாவிட்டால் தொங்குவான் என்று துரை ஒளிவுமறைவில்லாமல் சொல்லிவிட்டார். ஊ மியாட் சிறைக்கு ஓடினார். அங்கே தம்பியின் கொண்டையைச் சிரைத்து, மொட்டையாக உட்கார்த்தி வைத்திருந்தார்கள்.

"அண்ணே, நீ அவளுக்குக் குடை வரைஞ்சேன்னு காதுல விழுந்தா எனக்கு அண்ணன் இல்ல. தூக்குல போடச் சொல்லு, போய்ச் சேர்றேன்."

"வாயை மூடுடா. அம்மா சாகும்போது உன்னை என் கையிலதான் குடுத்தா."

"அதுக்காக இருக்கிற ஒத்தைக் குடையையும் தூக்கிக் குடுத்துருவியா?"

வீட்டுக்கு வந்து இதைச் சொல்லி அழுதபோது அவர் மனைவி மா லோன் வாயிலிருந்த சுருட்டை எடுக்காமலே, "வரைஞ்சு குடுங்க. வெளியே வந்து ஆயுசுக்கும் உங்களைத் திட்டிக்கிட்டு உயிரோட கிடக்கட்டும்" என்றாள். எனவே வரைந்தார்.

அரண்மனை வழக்கப்படி குடையைத்தான் முதலில் வரைய வேண்டும். குடை காய்ந்த பிறகுதான் அதன் கீழே ஆளைக் கொண்டுவருவார்கள். துரை கேட்கவில்லை, ராணி முதலில் என்றார். "அது முறை இல்லீங்க துரை" என்றதற்கு, "முறையை இனி நாங்கள் வைப்போம்" என்று ராணியின் புகைப்படத்தை நீட்டினார். ஊ மியாட் ராணியைத் தீட்டினார், முத்துமாலையைத் தீட்டினார், முடிவில் அவள் உச்சந்தலைக்கு நேர் மேலே குடையைத் தீட்டி, விளிம்பில் அரசமர இலைகளைத் தங்கத்தில் தொங்கவிட்டார். ஏமாற்று வேலை எதுவும் செய்யவில்லை. அந்தக் குடை அத்தனை அழகாக வந்து தொலைத்ததே என்று தன் கையையே வெறுத்தார்.

குடை நகர்ந்ததும் துரை அவரைப் பிடரியைப் பிடித்து இழுத்துவரச் செய்தார். நகர்ந்த குடையை அழித்து, தலைக்கு மேல் புதிதாக வரைய வைத்தார். காலையில் அது மறுபடி இரண்டு சாண் தள்ளி நின்றது. துப்பாக்கியோடு இரண்டு சிப்பாய்களைக் காவல் வைத்தார், நாடா வைத்து அளந்தார். மனிதர் யாரும் வரவில்லை, பூனைகூட வரவில்லை என்று சிப்பாய்கள் சத்தியம் செய்தார்கள். மூன்றாம் தடவையும் அதே இரண்டு சாண்தான், ஒரு விரற்கடை கூடவுமில்லை, குறையவுமில்லை. விழாவுக்கு முந்தின நாள் துரை, "நாளைக்கும் நகர்ந்தால் உன் தம்பியைக் காலையிலேயே தூக்கில் ஏற்றிவிடுவேன்" என்றார். நான்காம் தடவை வரைந்து முடித்த ஊ மியாட், அரசரிடம் பேசுவதுபோல் மண்டியிட்டுக் குடையிடமே கெஞ்சினார்.

"ஒரே ஒரு நாள் நில்லு சாமி. எனக்காக இல்ல, அந்தப் பயலுக்காக."

குடை கேட்கவில்லை. விடிந்து பார்த்தபோது அதே இரண்டு சாண் தள்ளி நின்றது. தம்பி போய்விடுவானே என்ற பயத்துக்கு நடுவேயும் நெஞ்சு நிமிர்ந்தது நிஜம் என்று பிற்பாடு அவரே சொல்லியிருக்கிறார். துரைக்கு வேறு படத்துக்கும் நேரமில்லை, தூக்குக்கும் நேரமில்லை. பெரிய துரை வந்துவிட்டார், வாத்தியம் முழங்கியது, கதவைத் திறந்தார்கள். ஜனங்கள் உள்ளே வந்து படத்தைப் பார்த்தார்கள். பட்டு உடுத்திய வியாபாரியும் மீன்காரியும் சேர்ந்தே மண்டியிட்டு, நெற்றி தரையில் பட மூன்று முறை வணங்கினார்கள். பின்னால் வந்தவர்களும் அப்படியே வணங்கினார்கள். முந்நூறு பேர் இருக்கும். கிழவர்கள் தேம்பினார்கள். பெரிய துரைக்குக் கண் கலங்கிவிட்டது. இப்படியொரு விசுவாசத்தை இந்த ராஜ்ஜியத்தில் எங்குமே பார்த்ததில்லை என்று கார்சைட் துரையின் கையைப் பிடித்துக் குலுக்கினார்.

கார்சைட் துரை மட்டும் முந்நூறு நெற்றிகளும் எந்தப் பக்கம் பார்த்துத் தாழ்கின்றன என்று கவனித்தார். எல்லாம் ராணிக்கு இரண்டு சாண் இடப்பக்கம். சொல்ல வாயைத் திறந்தார். சொன்னால் இவ்வளவு பேரும் யாரை வணங்கினார்கள் என்று கேள்வி வரும். திறந்த வாயை மூடிக்கொண்டார். ஓவியனுக்கு என்ன பரிசு தரலாம் என்று பெரிய துரை கேட்டதும், "அவன் தம்பி ஒருவன் சிறையில் இருக்கிறான்" என்றார்.

கோ தெட் அன்று மாலையே வெளியே வந்தான். வந்தவன் அண்ணன் முகத்தைப் பார்க்கவில்லை, அண்ணன் வீட்டில் தண்ணீர்கூடக் குடிக்க மாட்டேன் என்று வாசலிலேயே நின்றான். மா லோனுக்குப் பொறுக்கவில்லை.

"வாடா மொட்டை. வந்து ஒரு தடவை கண்ணால பாரு. அப்புறம் இஷ்டத்துக்குப் பட்டினி கிட."

அவன் கையைப் பிடித்துத் தரதரவென்று மண்டபத்துக்கு இழுத்துப்போனாள். ஊ மியாட் பின்னாலேயே ஓடினார். கோ தெட் ராணியைப் பார்த்தான், குடையைப் பார்த்தான், குடைக்குக் கீழே காலியாக இருந்த இடத்தை வெகுநேரம் பார்த்தான். பிறகு மண்டியிட்டு அந்த இடத்தை மூன்று முறை வணங்கினான். எழுந்திருக்காமல், முழங்காலிலேயே திரும்பி, அண்ணன் காலடியிலும் நெற்றியை வைத்தான்.

"எனக்கு எதுக்குடா? நான் அவ தலைக்கு மேலதான் வரைஞ்சேன். நாலு தடவையும். அது தானா போச்சு."

"தானா போற மாதிரி குடை வரைய உன்னை விட்டா எவன் இருக்கான் அண்ணே?"

ஊ மியாட் அழுதார், சிரிக்கவும் சிரித்தார். மூவரும் வீட்டுக்குப் போய் ஒரே தட்டைச் சுற்றி உட்கார்ந்து சாப்பிட்டார்கள். மறு வாரம் கார்சைட் துரை, படத்தின் இடப்பக்கச் சுவரையொட்டி யாரும் நாற்காலி போடக்கூடாது, குடைக்கு நேர் கீழே உள்ள அந்த இடத்தைக் காலியாக விட்டு வைக்க வேண்டும் என்று தன் கையாலேயே உத்தரவு எழுதி ஒட்டினார்.