வளையல் போட்ட கை

சென்னையிலிருந்து புத்தகம் போடுகிறவர் போனில் சொன்னார். இப்போதெல்லாம் எழுத்தாளர்கள் தங்களுக்கென்று ஒரு லோகோ வைத்துக்கொள்கிறார்களாம். அட்டையில், அழைப்பிதழில், பேஸ்புக்கில் எல்லாம் அதைப் போடுவார்களாம். உங்கள் ஊரே அச்சு ஊர்தானே ஓவியா, ஒன்று வரைந்து வாங்கிவிடுங்கள் என்றார். எனக்கு இது முதல் புத்தகம். மாட்டேன் என்று சொல்லத் துணிச்சல் வரவில்லை.

சிவகாசியில் டிசைனருக்கா பஞ்சம்? மகேஷ்குமார் என்று ஒருவரைப் பிடித்தேன். பட்டாசுப் பெட்டிக்கு லேபிளும் காலண்டருக்குச் சாமி படமும் செய்கிறவர். அவர் காட்டிய முதல் மாதிரியில் பேனா முனையிலிருந்து பொறி பறந்தது. அடுத்ததில் ஒரு மயில் தோகையை விரித்துக்கொண்டு புத்தகம் படித்தது. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. நான் எழுதியது பட்டாசுக் கம்பெனிப் பெண்களின் கதைகள், புஸ்வாணம் விற்க வரவில்லை என்று சொல்லிவிட்டேன். மனிதர் கோபப்படவில்லை. உங்களுக்கென்றே உள்ளது ஏதாவது சொல்லுங்கள் மேடம், அதிலிருந்து வரைகிறேன் என்றார். யோசித்துப் பார்த்தேன், ஒரு மண்ணும் தோன்றவில்லை. பள்ளிக்கூடத்தில் பாடம் நடத்தும்போது போன் எடுக்க முடியாது, ஏதாவது கேட்க வேண்டுமென்றால் அம்மாவிடம் கேளுங்கள் என்று அவள் எண்ணைக் கொடுத்துவிட்டு வந்தேன்.

அடுத்த வாரம் வாட்ஸ்அப்பில் வந்தது லோகோ. பார்த்ததும் அசந்துபோனேன். பேனா பிடித்த ஒரு பெண்ணின் கை, அவ்வளவுதான். நீளநீளமான விரல்கள், மணிக்கட்டில் இரண்டு வளையல், எல்லாம் நாலைந்து கோட்டில். பொறியும் இல்லை, மயிலும் இல்லை. இந்த மனிதரையா திட்டினோம் என்றுகூட இருந்தது. சாயங்காலம் பஸ்ஸை விட்டு இறங்கி மகேஷ்குமார் கடையில் அட்டையின் புரூஃபை வாங்கிக்கொண்டேன். வேலை கொடுத்த பார்ட்டி அதில் ஓகே என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுக்காமல் சிவகாசியில் எந்த மெஷினும் ஓடாது. காலையில் கொடுத்தால் போதும் என்றார்.

வீட்டில் அம்மா அப்போதுதான் பட்டாசுக் கம்பெனி வேனிலிருந்து இறங்கி முகம் கழுவிக்கொண்டிருந்தாள். புரூஃபை அவள் முன்னால் விரித்தேன். என் அம்மா வள்ளித்தாய் வாயால் நல்ல வார்த்தை வாங்குவது லேசில்லை, இன்றைக்கு வாங்கிவிடலாம் என்று நினைத்தேன். அவள் பார்த்தாள், விளக்குப் பக்கம் திருப்பி மறுபடியும் பார்த்தாள். முகம் வாடிப்போனது.

"இது யாரு கை?"

யார் கையும் இல்லை, சும்மா வரைந்தது என்றேன்.

"நான் என் கையைல்ல குடுத்துட்டு வந்தேன்" என்றாள் அம்மா.

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. கம்பெனியில் வெடிமருந்து அறையில் தீப்பிடித்தபோது அம்மாவின் வலது கையில் இரண்டு விரல் போயிற்று, இரண்டு விரல் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டன. இடது கையிலும் ரேகை அழிந்துபோயிற்று. அன்றிலிருந்து வலது கை முந்தானைக்குள்தான் இருக்கும். இருக்கன்குடி மாரியம்மன் கோயிலில் திருநீறு வாங்கக்கூட இடது கையை நீட்டிப் பூசாரியிடம் வசவு வாங்குகிறவள் அவள். அப்படிப்பட்டவளிடம் மகேஷ்குமார் போனில், வீட்டில் ஏதாவது அடையாளம் இருக்கிறதா என்று கேட்டிருக்கிறார். இவள் அரை நாள் லீவு போட்டு, தனியாக பஸ் ஏறிப் போய், அவர் ஸ்கேனர் மேல் அந்தக் கையை வைத்துவிட்டு வந்திருக்கிறாள். என்னிடம் மூச்சு விடவில்லை.

ஏன் என்று கேட்டேன். வேனில் வருகிற அத்தனை பேரையும் கதையில் எழுதிவிட்டு என் கையை மட்டும் விட்டுவிட்டாயே என்றாள். நீ மூடி வைத்திருந்தாய், நான் எப்படி எழுதுவது என்று கேட்க நினைத்தேன். அவள் அதற்குள் அடுப்பைப் பார்க்கப் போய்விட்டாள்.

விடிந்ததும் அம்மாவையும் கூட்டிக்கொண்டு மகேஷ்குமார் கடைக்குப் போனேன். போன வேகத்தில் பிடிபிடியென்று பிடித்தேன். அவர் பேயடித்த மாதிரி நின்றார். நல்லது செய்ததாகத்தான் நினைத்திருக்கிறார், பாவம். முதலாளி வீட்டுப் பிள்ளை படத்தை லேபிளில் போட்டால் முகத்தில் ஒரு பரு இருக்கக் கூடாது, துடைத்துவிட வேண்டும், இந்தத் தொழிலில் அதுதான் பழக்கம் என்றார்.

"குறையோட போட்டா அம்மா மனசு கஷ்டப்படுமேன்னுதான் மேடம் சரிபண்ணினேன்."

சொல்லிக்கொண்டே முதலில் எடுத்த ஸ்கேனைத் திறந்தார். திரை முழுக்க அம்மாவின் கை. ஒரே வீட்டில் இத்தனை வருஷம் இருந்தும் அந்தக் கையை நான் இப்படி முழுசாகப் பார்த்ததில்லை. உள்ளங்கை, வழித்த சட்டி மாதிரி, ஒரு கோடு இல்லாமல் கிடந்தது.

அம்மா அதையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு அவர் பக்கம் திரும்பினாள்.

"ரேசன் கடை மெசின் என் கைய எடுக்கல தம்பி. பேங்க்லயும் எடுக்கல. எங்கன வச்சாலும் தப்பு தப்புன்னுதான் வரும். ஒங்க மெசின் ஒண்ணுதான் அப்படியே எடுத்துச்சு. அத எதுக்கு மாத்துனீக?"

மகேஷ்குமார் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, வளையலை அழித்தார். பிறகு ஒவ்வொரு விரலாக அழித்தார். ஸ்கேனை அடியில் வைத்துக்கொண்டு, பெருவிரலையும் ஒட்டிய விரல்களையும் உள்ளபடியே வரைந்தார். பேனாவை எப்படிப் பிடிக்க வைப்பது என்றுதான் அவருக்குப் பிடிபடவில்லை. பேனா நிற்காதே மேடம் என்று என்னைப் பார்த்தார். எனக்கும் தெரியவில்லை.

அம்மா மேஜையில் கிடந்த பேனாவை எடுத்தாள். பெருவிரலுக்கும் ஒட்டிய விரல்களுக்கும் நடுவில் செருகி இறுக்கினாள். நான் கொண்டுவந்திருந்த பழைய புரூஃபைத் திருப்பிப்போட்டு, அதன் முதுகில் வள்ளித்தாய் என்று எழுதினாள். கோணல்மாணலாக, ஆனால் ஒரு எழுத்து விடாமல். அவள் எங்கே கையெழுத்துப் போட வேண்டியிருந்தாலும் மைப்பெட்டியைத்தான் நீட்டுவார்கள். அவளுக்கு எழுத வரும் என்பதே எனக்கு அன்றைக்குத்தான் தெரியும். எப்போது பழகினாய் என்று கேட்க வாயெடுத்தேன், அழுகைதான் வந்தது.

புதுப் புரூஃப் வந்ததும் மகேஷ்குமார் அதை என்னிடம் நீட்டினார். நான் அம்மாவிடம் தள்ளினேன். அவள் ஓகே போட்டுக் கையெழுத்தும் போட்டுக் கொடுத்துவிட்டு, கம்பெனிக்கு நேரமாச்சு என்று வெளியே வந்தாள். தெருமுக்குவரைக்கும் நடந்தோம். அவள் கையை மூடவில்லை.