சுவருக்கு அந்தப் பக்கம் கேட்ட ஜெபம்

போதகர் கண்ணை மூடிக்கொண்டு, "இங்கே ஒரு மகள் இருக்கிறாள்" என்று ஆரம்பித்தபோது அவளுக்குக் கொட்டாவிதான் வந்தது. எந்தச் சபையில்தான் மகள் இல்லை? டயர் கடைக்கு மேலே இருந்த அந்த அறையில், ரப்பர் வாடைக்கு நடுவே, நாற்காலிக்கு ஒரு மகள் உட்கார்ந்திருந்தாள்.

"வேலை இடத்துல செய்யாத தப்புக்குப் பழி சுமக்கிறாள். அந்த ஆள் தலையில கட்டிட்டான், அம்மாகிட்ட என்ன முகத்தோட சொல்லுவேன்னு அழுகிறாள்."

கொட்டாவி பாதியில் நின்றது. அது அவளுடைய வாக்கியம். அவள் கடவுளிடம் மட்டும் சொன்னது.

ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் இரண்டு பேருடைய குழாய்கள் மாறிப்போய்விட்டன. சீட்டு ஒட்டியது மேனேஜரின் மச்சான். மேனேஜர் பழியை இவள் தலையில் கட்டினான். விசாரணை முடியும்வரை மாதிரியைத் தொடக் கூடாது, கண்ணாடிக் குப்பி கழுவு என்று உட்கார வைத்துவிட்டார்கள். கூட வேலை பார்த்தவர்கள், தொற்றுநோய் வந்தவளைப் பார்ப்பதுபோல ஒதுங்கிச் சாப்பிட்டார்கள். குடும்பத்தில் முதல் பட்டதாரி அவள்; வேலை போனால், படித்து என்னத்தைக் கிழித்தாள் என்று கேட்க ஒரு சொந்தக் கூட்டமே வாயைத் தயாராக வைத்திருந்தது. ஆகவே அம்மாவிடம் சொல்லவில்லை. விடிந்ததும், தனியாகத் தங்கியிருந்த வாடகை அறையின் கதவைப் பூட்டிக்கொண்டு ஆண்டவரிடம் சொன்னாள், வாய்விட்டு. மனசுக்குள் முணுமுணுப்பதெல்லாம் அவர்கள் வீட்டில் ஜெபக் கணக்கில் சேராது.

அந்த ஞாயிறு மத்தியானம், பல நாளுக்குப் பிறகு வயிறாரச் சாப்பிட்டாள். அவர் கேட்டுவிட்டார். யாரும் திரும்பிப் பார்க்காத ஊரில் அவர் ஒருவர் கேட்டுவிட்டார். மறுநாள் குப்பி கழுவும்போது பாட்டுகூட வந்தது.

பாட்டு இரண்டு நாள் நின்றது. பிறகு அவளுடைய புத்தி வேலையைக் காட்டியது. பழியைப் பற்றி அவ்வளவு விலாவாரியாகத் தெரிந்த கடவுளுக்குப் பழி போட்டவன் பெயர் தெரியாதா? 'அந்த ஆள்' என்று சொல்வது அவள். பெயரைச் சொன்னால் வாய் நாறும் என்று அப்படிச் சொல்வாள். சர்வ வல்லவருக்குமா வாய் நாறும்?

குளியலறையில் முகம் கழுவிக்கொண்டிருந்தபோது, மேலே இருந்த காற்றுத் துவாரம் வழியாகப் பக்கத்து அறை அக்கா மூக்குச் சிந்துவது தெளிவாகக் கேட்டது. அவள் குழாயை மூடிவிட்டு அப்படியே நின்றாள்.

துணி ஆலையில் தைக்கிற அந்த அக்காதான் அவளைச் சபைக்கு அழைத்துப்போனவள். சாயங்காலம் படிக்கட்டில் எதிர்ப்பட்டாள்.

"என்ன, முகம் தெளிஞ்சிருக்கு? ஞாயித்துக்கிழமை பாஸ்டர் வாயில கர்த்தர் சொன்ன வார்த்தை உனக்குத்தானே?"

"எனக்குன்னு யாரு சொன்னா?"

"யாரு சொல்லணும், அதான் மூஞ்சியில எழுதி ஒட்டியிருக்கே. நானும் வருஷக்கணக்கா முதல் வரிசையில உக்காந்திருக்கேன். கழுத்துவலிதான் மிச்சம், ஒரு வார்த்தை வரல."

"சத்தமா ஜெபிங்கக்கா. அப்பத்தான் கேக்கும்."

அக்கா கையில் சாவியை வைத்துக்கொண்டே பையில் சாவியைத் தேடினாள். "யாருக்கு?"

"கடவுளுக்குத்தான். வேற யாருக்கு?"

பரிசோதனைக் கூடத்தில் ஒரு வழக்கம் உண்டு. நோயாளியின் ரத்தத்தைப் போடுவதற்கு முன்னால், விடை ஏற்கெனவே தெரிந்த ஒரு மாதிரியை இயந்திரத்துக்குக் கொடுப்பார்கள். இயந்திரம் பொய் சொன்னால் அங்கேயே மாட்டிக்கொள்ளும். மறுநாள் விடிந்ததும் அவள் குளியலறையில் போய் முழங்காலில் நின்றாள். முதலில் வாயைத் திறக்காமல், 'இது உமக்கில்லை ஆண்டவரே, கொஞ்சம் காதைப் பொத்திக்கொள்ளும்' என்றாள். பிறகு அழுகிற குரலில், கல்யாணம் பண்ணிக்கொள்வதாகச் சொல்லிப் பழகினவன் கைவிட்டுப் போய்விட்டான் என்று துவாரத்தைப் பார்த்துப் புலம்பினாள். ஜெபத்தில் பொய் சொன்னவள் அவர்கள் வம்சத்திலேயே கிடையாது.

பொய் பலிக்கக் கூடாது என்றுதான் அந்த வாரத்தின் மீதி நாளெல்லாம் வேண்டிக்கொண்டிருந்தாள். பலித்துவிட்டால் அவள் அழுததைக் கேட்டது சுவர் மட்டும்தான் என்றாகிவிடும். அப்புறம் யாரிடம் பேசுவது?

ஞாயிறு. போதகர் கண்ணை மூடினார். "அதே மகளைப் பார்க்கிறேன். நம்பிப் பழகினவன் கைவிட்டுப் போனானே என்று உடைந்திருக்கிறாள். கையை உயர்த்து மகளே."

அவளுக்குள் ஏதோ ஒன்று சாவகாசமாகச் செத்தது. முதல் வரிசையில் அக்காவின் கழுத்து விறைத்திருந்தது.

"மகளே, வெட்கப்படாதே."

எழுந்து போய்விடலாம். பேருந்து பிடித்தால் அறை, அறையைப் பூட்டினால் நிம்மதி, அதன் பிறகு இந்தப் பக்கம் தலைவைத்துப் படுக்க வேண்டியதில்லை. எழுந்தாள். கால் கதவுப் பக்கம் போகவில்லை.

"ஐயா, என்னைக் கைவிட்டுப் போறதுக்கு அப்படி யாருமே இருந்ததில்ல. அது நான் இட்டுக்கட்டினது. யாரு காதுல விழுந்து உங்ககிட்ட வருதுன்னு பாக்கத்தான் சொன்னேன்."

போதகர் கண்ணைத் திறந்தார். "அம்மா, உக்காரு. அப்புறம் பேசலாம்."

"போன வாரம் சொன்னீங்களே, அது நிஜம். வேலை போயிரும்போல இருக்கு. பயமா இருக்கு. இங்க எனக்கு யாரையும் தெரியாது. அதை நானே என் வாயால கேக்கறேன், எனக்காக ஜெபிங்க. அவர் உங்ககிட்ட சொன்னார்னு மட்டும் சொல்லாதீங்க. அவர்கிட்ட சொன்னது நான்."

போதகர் ஒலிபெருக்கியின் வயரைச் சரிசெய்துகொண்டிருந்தார், அது சரியாகத்தான் இருந்தது. அக்கா எழுந்து அவள் வரிசைக்கு வந்தாள்.

"நீ தினம் அழுதா எனக்கு எப்படி மனசு ஆறும்? ஜெபிக்கச் சொல்லித்தான் பாஸ்டரோட வீட்டம்மாகிட்ட சொன்னேன். அது அங்கேருந்து மேடைக்குப் போகுதுன்னு போன வாரமே புரிஞ்சுபோச்சு. புரிஞ்சும் திரும்பச் சொன்னேன்."

"ஏன்?"

"வார்த்தை வந்தப்போ நீ சாப்பிட்டியே."

நல்ல பதில்தான். தயார் செய்த பதிலாகவும் இருக்கலாம். அவள் நம்பவில்லை. மன்னிக்கவும் இல்லை.

அக்கா அவள் பக்கத்தில் முழங்கால் போட்டு, "ஆண்டவரே, இந்தப் பிள்ளை..." என்று திக்கித் திணறிக் கேட்க ஆரம்பித்தாள். வெளிப்பாடு கிடையாது, கம்பீரம் கிடையாது, நடுவில் மூக்கு வேறு ஒழுகியது. பின்வரிசையில் யாரோ ஒருவர் ஆமென் சொன்னார்.

அவளும் முழங்காலில் நின்றாள். பழி, மேனேஜர், அம்மா எல்லாவற்றையும் முதலிலிருந்து அவரிடம் சொன்னாள். பெயரோடு சொன்னாள். கண்ணை மட்டும் மூடவில்லை. அக்காவின் வாயைப் பார்த்துக்கொண்டே ஜெபித்தாள்.