மொட்டைமாடியில் சுக்கிரன்

உடுமலைப்பேட்டையில் தேங்காய் வியாபாரம் செய்யும் தரணீஷ், பெண் பார்க்கச் சரவணம்பட்டிக்கு வந்திருந்தான். பெரியவர்கள், "ரெண்டு பேரும் மாடியில போய்ப் பேசிட்டு வாங்க, கண்ணு" என்று அனுப்பிவைத்தார்கள். பொழுது சாய்ந்திருந்தது. என்ன பேசுவதென்று காரில் வரும்போதே தங்கையிடம் கேட்டு மனப்பாடம் செய்திருந்தான்.

"அந்த நட்சத்திரம் உங்க கண்ணு மாதிரியே மின்னுதுங்க" என்று மேற்கே கைகாட்டினான்.

லோகப்பிரியா உற்றுப் பார்த்தாள். "அது மின்னலீங்களே. நட்சத்திரத்துக்குச் சொந்த வெளிச்சம் இருக்கும், மினுக்கு மினுக்குன்னு துடிக்கும். இது கோளுங்க. சூரிய வெளிச்சம் பட்டுத்தான் தெரியுது. உங்க ஜாதகத்துல உச்சத்துல இருக்குதுன்னு உங்கம்மா சொன்னாங்களே, அந்தச் சுக்கிரன்."

தரணீஷ் அடுத்த வரிக்குத் தாவினான். "உங்களுக்காக ஆயிரம் ஒளியாண்டு வேணும்னாலும் காத்திருப்பேனுங்க."

"ஒளியாண்டு காலமில்லீங்க, தூரம். வெளிச்சம் ஒரு வருசத்துல போற தூரம். ஆயிரம் கிலோமீட்டர் காத்திருப்பேன்னு சொன்ன மாதிரி இருக்குதுங்க."

மனப்பாடம் தீர்ந்துபோயிற்று. தெற்கே ஒரு வெளிச்சம் மெதுவாக நகர்ந்தது. "அது எரிகல்லுங்களா?" என்று பயந்துகொண்டே கேட்டான்.

"எரிகல்லுன்னா கண்ணச் சிமிட்டுறதுக்குள்ள மறைஞ்சிருமுங்க. அது ஏரோப்ளேன்."

"எனக்குத் தேங்காயப் பத்தி மட்டுந்தானுங்க தெரியும். பேசினதெல்லாம் தங்கச்சி சொல்லிக்கொடுத்தது. வானத்துல மீதி இருக்குறதையும் நீங்களே சொல்லிப்போடுங்க."

லோகப்பிரியாவுக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. கீழேயிருந்து அவள் அப்பா வெள்ளியங்கிரி, "அம்மணி, பேசி முடிச்சாச்சா?" என்று குரல் கொடுத்தார்.

"இல்லீங்கப்பா, இன்னும் நிலாவுக்கே வரலீங்க" என்றாள் அவள்.